காட்டோர நகரில் வாழ்வோர் கேட்டவையும் என் பதில்களும்

சென்னையின் நன்மங்கலம் காப்புக்காட்டை ஒட்டி அமைந்த எங்கள் நகரின் குடியிருப்போர் நலச் சங்கத்தார், நான் வனத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், மரம், விலங்கு, பூங்கா பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதுமாறு கேட்டுக்கொண்டார்கள். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வாடகைக்குப் புதிதாகக் குடிவந்துள்ளோம். சங்கத்தில் சேர்வது கட்டாயமா?

கட்டாயமில்லை. இது 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம். வாடகைதாரர் உறுப்பினராகலாமா என்பதைத் துணைவிதிகள்தாம் சொல்ல வேண்டும். செயலாளரிடம் ஒரு படி கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் வீட்டு வாசலில் உள்ள தூங்குமூஞ்சி மரத்தின் வேர் சுற்றுச்சுவரைத் தூக்குகிறது. வெட்டிவிடலாமா?

உங்கள் வாசலில் நின்றாலும் அது தெருமரம். உங்களுடையதும் அன்று, சங்கத்துடையதும் அன்று. பொது இடத்து மரங்களை வெட்டுவதற்கான விண்ணப்பங்களைப் பரிசீலிக்கவே மாவட்ட ஆட்சியரின் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு என ஒன்று உள்ளது. அதன் அனுமதியின்றிக் கோடரியை எடுப்பவருக்கு நான் சாட்சி சொல்ல வரமாட்டேன், எதிராகச் சொல்ல வேண்டுமானால் வருவேன்.

விண்ணப்பிக்கும் முன் மரத்தின் தூரைக் குனிந்து பாருங்கள். நான் நேரில் சென்று பார்த்தேன். சென்ற ஆண்டு நடைபாதை போட்டபோது அடிமரத்தை ஒட்டியே சிமெண்ட் பூசிவிட்டார்கள். மரத்துக்கு நீரும் சத்தும் உறிஞ்சித் தரும் மெல்லிய வேர்கள் ஆழத்தில் இல்லை. மேல்மண்ணில் ஏறத்தாழ இரண்டடிக்குள்தான் பரவிக் கிடக்கின்றன. அவற்றுக்கு மேலே மூடி போட்டால், நீரும் காற்றும் எங்கே கிடைக்குமோ அங்கே வேர் திரும்பும். உங்கள் சுவரின் அடியில் தோட்டத்து ஈரம் இருக்கிறது, ஆகவே அங்கே வந்திருக்கிறது. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டது. நமக்கும் அதே அளவு போதும். சிமெண்டை உடைத்து மண்ணைத் திறந்துவிடுங்கள். சுவரில் வேர் நுழையும் இடத்தை மட்டும் இடித்து, வேருக்கு மேலே ஒரு லிண்டல் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கொத்தனாருக்கு அது ஒரு நாள் வேலை.

கேள்வி: மாடியில் இலை விழுந்து மழைநீர்க் குழாய் அடைத்துக்கொள்கிறது. மரத்தை வெட்ட யாரிடம் மனுக் கொடுப்பது?

குழாயின் வாயில் ஒரு கம்பிவலை பொருத்துங்கள். மற்றவற்றுக்கு மேலே உள்ள பதிலைப் பார்க்கவும்.

கேள்வி: வீட்டுக்குள் பாம்பு வந்தால் என்ன செய்வது? இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள்.

காட்டோரத்தில் வீடு கட்டியிருக்கிறோம், அது வரத்தான் செய்யும். இங்கே பெரும்பாலும் வருவது நஞ்சில்லாத சாரை, எலியைத் தேடி வருகிறது. அஞ்ச வேண்டியவை நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு. அவற்றுள் கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் உறங்குபவரைக் கடித்தால் வலிகூடப் பெரிதாகத் தெரியாது, விடியற்காலையில் கண்ணிமை சரியும்போதுதான் தெரியவரும். ஆகவே குழந்தைகளைத் தரையில் படுக்க வைக்காதீர்கள். கட்டிலாயினும் கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள்.

பாம்பைக் கண்டால் விலகி நின்று, அது எங்கே செல்கிறது என்பதை மட்டும் கவனித்து, தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108 ஊர்தியில் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே கொடுக்கப்படும் நச்சுமுறி மருந்து இந்த நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் பொதுவானது. அதற்கான நஞ்சைப் பல்லாண்டுகளாக எடுத்துத் தருபவர்கள், இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கும் இருளர்கள்.

கேள்வி: தெருநாய்களுக்குச் சோறு வைப்பதைச் சங்கம் தடுக்க முடியுமா?

முற்றிலும் தடுக்க முடியாது. 2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, உணவிடுவதற்கான இடத்தைக் குறித்துக் கொடுக்கும் பொறுப்பே சங்கத்தினுடையது. நாய் என் துறை அன்று. இதற்குமேல் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: பூங்காவில் ஒரு மூலையில் சிறு பிள்ளையார் கோயிலும், மறுமூலையில் சிமெண்ட் தளத்துடன் பூப்பந்து ஆடுகளமும் அமைக்கலாம் என்று செயற்குழுவில் பேச்சு. தங்கள் கருத்து?

கருத்துக்கு இடமில்லை, சட்டம் இருக்கிறது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளுக்கு, சாலைகள் நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளி ஒதுக்கீடு என்ற விதி உண்டு. அந்த விதிப்படி ஒதுக்கப்பட்டதே நம் பூங்கா. தானப் பத்திரம் மூலம் அது உள்ளாட்சிக்குப் போய்விட்டது. நம் சங்கம் அதைப் பராமரிக்கிறது, அவ்வளவே. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அங்குக் குடியிருந்தவர்களே வழக்காடினார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமனைக்கே அந்த நிலை. பூப்பந்தை மண்தரையில் ஆடுங்கள். பிள்ளையாருக்கு அரசமரத்தடியும் திறந்த வானமும் எப்போதும் போதுமானவையாகவே இருந்திருக்கின்றன.

கேள்வி: 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் விழுந்தவை எல்லாம் வெளிநாட்டு மரங்களே. தூங்குமூஞ்சி, குல்மொகர், பெருங்கொன்றை அனைத்தையும் அகற்றிவிட்டு நாட்டு மரம் வைக்கச் சங்கம் தீர்மானம் போட வேண்டும். தாங்கள் ஏன் வாய் திறப்பதில்லை?

இதோ திறக்கிறேன். "எல்லாம்" என்பது தவறு. வேம்பும் விழுந்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் விழுந்தும் முறிந்தும் போன ஆயிரக்கணக்கான மரங்களில் நாட்டு மரங்களும் இருந்தன. ஆனால் குல்மொகரைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. மடகாஸ்கரிலிருந்து வந்த அந்த மரத்துக்கு வேர் மேலோட்டமானது, கிளை எளிதில் முறிவது. நம் ஒடுங்கிய தெருக்களில் இனி அதை வைக்கவே கூடாது. புங்கன், மகிழம், பூவரசு வையுங்கள்.

இருக்கிற மரத்தை வெட்டுவது வேறு செய்தி. நான்காவது தெருவில் அன்று சாய்ந்த ஐந்து மரங்களையும் நான் பார்த்தேன். ஐந்துமே மழைநீர்க் கால்வாய் தோண்டிய பக்கத்தில் நின்றவை. ஐந்துக்கும் ஒருபக்க வேர் அறுக்கப்பட்டிருந்தது. ஒருபக்க வேரை இழந்த மரத்துக்கு நாடும் இல்லை, வெளிநாடும் இல்லை.

கேள்வி (அதே அன்பர்): மழுப்ப வேண்டாம். வந்தேறி மரத்தில் நம் பறவை கூடு கட்டுமா?

கட்டுகிறது. மாலையில் உங்கள் வீட்டெதிரில் உள்ள தூங்குமூஞ்சியை அண்ணாந்து பாருங்கள். வந்தேறி என்ற கணக்கை எடுத்தால் புளியமரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. உங்கள் வீட்டு ரசத்தை என்ன செய்யப் போகிறீர்கள்? சிவன் கோயில்கள் பலவற்றில் வணங்கப்படும் நாகலிங்க மரம் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது.

கேள்வி (ஐந்தாவது தெரு ஆசிரியை): இருவரும் பெரிய மரங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். பக்கத்தில் உள்ள காட்டில் பெரிய மரம் எங்கே இருக்கிறது?

இதுவரை வந்தவற்றில் நல்ல கேள்வி இதுவே, அம்மா. நன்மங்கலம் அடிப்படையில் ஒரு புதர்க்காடு. பழைய கல்குவாரியும், பாறையும், முட்புதரும், குட்டை மரங்களும்தாம் அதன் இயல்பு. அந்தக் குவாரிப் பாறையை நம்பித்தான் கொம்பன் ஆந்தை அங்கே வாழ்கிறது. "காடு என்கிறீர்கள், வெறும் புதராக இருக்கிறதே" என்று கேட்டு, அங்கே ஆயிரம் கன்று நட வேண்டும் என்று புறப்படும் ஆர்வலர்களைப் பணியில் இருந்தபோது பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். தெருவுக்கு நிழல் வேண்டும், அங்கே மரம் வையுங்கள். காட்டோரத்துப் புதரை மட்டும் "சுத்தம்" செய்யாமல் விடுங்கள்.

கேள்வி: சருகைக் கூட்டி எரிக்கலாமா?

கூடாது. குழி வெட்டி மட்கவிடுங்கள்.

கேள்வி: தண்ணீர் லாரி ஏன் காலை ஆறு மணிக்கு வருவதில்லை?

செயலாளரைக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் வாசல் வேப்பமரத்தைச் சுற்றி, பெரியவர்கள் உட்கார அழகாகச் சிமெண்ட் மேடை கட்டலாமா?

இரண்டாவது பதிலை நீங்கள் படிக்கவில்லை என்று தெரிகிறது. பெரியவர்களுக்கு இரண்டு கல் பலகை வாங்கி, அடிமரத்துக்கு ஒரு மீட்டர் தள்ளிப் போடுங்கள். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, இரண்டாவது கேள்வி கேட்ட அன்பரின் தூங்குமூஞ்சியடியில் சிமெண்டை உடைக்கப் போகிறோம். கடப்பாறை என்னிடம் ஒன்றுதான் உள்ளது. வைத்திருப்பவர்கள் எடுத்து வரவும்.