காப்பகம் இருந்தும் ஏன் நடைபாதையில் படுக்கிறார்கள்?

"மாநகராட்சி காப்பகம் நடத்துகிறது, ஆனாலும் நடைபாதையில்தான் படுக்கிறார்கள். குடியும் சோம்பேறித்தனமும்தானே காரணம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சென்னை பாரிமுனைப் பக்கம் இரவு பத்து மணிக்கு மேல் நடந்து பாருங்கள். கடை ஷட்டர் இறங்கியதும் பாய் விரியும், மூட்டைக்குள்ளிருந்து பாத்திரங்கள் வெளியே வரும். விடிந்தால் அதே ஆட்கள் லோடு இறக்கப் போவார்கள், மீன்பாடி வண்டி மிதிப்பார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்களும் உண்டு. இவர்களைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தினக்கூலியில் அட்வான்ஸ் கட்டி வாடகைக்குப் போக முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் மட்டும் வீடற்றவர்கள் 9 லட்சத்துக்கு மேல். நகர மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்பது உச்ச நீதிமன்ற வழக்கில் வந்த அளவுகோல். சரி, ஆனால் பல காப்பகங்கள் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. புருஷனை ஓரிடத்தில் விட்டுவிட்டு, வயசுப் பையனை இன்னோரிடத்தில் விட்டுவிட்டு எந்த அம்மா போவாள்?

அப்புறம், இப்படிப்பட்டவர்களை மறுகுடியமர்த்த அரசு பெரும்பாக்கத்தில் கட்டிய அடுக்குமாடி வீடு. பாரிமுனையிலிருந்து 25 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது. அதிகாலை லோடுக்கு அங்கிருந்து எந்த பஸ்ஸில் வருவது?

என்னைக் கேட்டால், வேலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அட்வான்ஸ் இல்லாத சின்ன வாடகை அறைகளை மாநகராட்சி கட்டலாம். குடிப்பவர்களும் இருக்கிறார்கள்தான். ஃபின்லாந்து 2008 முதல் அப்படிப்பட்ட வீடற்றவர்களுக்கும், குடியை விட வேண்டும் என்ற நிபந்தனையில்லாமல் முதலில் வீட்டுச் சாவியைக் கொடுக்கிறது. சிகிச்சையெல்லாம் அதற்குப் பிறகுதான்.