வாழ்த்து அட்டையை மடித்தால் முதுகு வெடிப்பது ஏன்?
பொங்கல் வாழ்த்து செய்யக் கெட்டி அட்டையை மடித்தால், மடிப்பில் வெள்ளையாக வெடிக்கும். மடிப்புக் கோடு போடாததும், தாளின் நார் ஓடும் வாக்குக்குக் குறுக்கே மடிப்பதும்தான் காரணம். மடிக்கும் இடத்தை முன்கூட்டியே அழுத்திப் பள்ளமாக்குவதே மடிப்புக் கோடு.

தாள் நாரால் ஆனது. ஆலையில் தாள் ஓடும் திசையிலேயே நார்கள் பெரும்பாலும் படுத்துவிடும். கரும்பை நினைத்துக்கொள்ளுங்கள்: நீளவாக்கில் நேராகப் பிளக்கும், குறுக்கே உடைத்தால் சிலும்பும். அட்டையை இரண்டு வாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்த வாக்கில் இளகி வளைகிறதோ, அதில் மடிப்பு நாரின் நீளவாக்கிலேயே விழும்; அதிலேயே மடியுங்கள். ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த ரீஃபிலால் அழுத்திக் கோடு இழுங்கள். பள்ளம் வெளிப்பக்கம் வரவேண்டும்.

ஒட்டி அலங்கரிக்க எங்க திருப்பூரில் பனியன் கட்டிங் வேஸ்ட்டுக்குப் பஞ்சமே இல்லைங்க. ஃபெவிகாலை மட்டும் அள்ளிப் பூசாதீர்கள், ஈரத்தில் நார் ஊதி அட்டை நெளியும்.

கோடு போடுவதென்றால் பிளேடால் கீறுவது என்று பலர் நினைக்கிறார்கள்; கீறினால் நாரே அறுந்துவிடும், அழுத்தினால் போதும்.