ஹார்ன் ஏன் கருகியது? – மேடை ஒலி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மாமாவும் நானும் பாடாங் செராயில் சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடுகிறோம். தோட்டத்துக் கோவில் திருவிழாக்கள்தான் அதிகம். அண்மையில் ஒரு ப்ராசஸர் (ஒலியைப் பிரித்துப் பெட்டிகளுக்கு அனுப்பும் கருவி) வாங்கி, எங்களுடைய அதே டாப் (மேல் ஒலிப் பெட்டி), சப் (பேஸ் பெட்டி) வைத்திருக்கும் நண்பரின் பிரீசெட்டை, அதாவது அவர் சேமித்து வைத்த அமைப்பை, அப்படியே ஏற்றினோம். சப்பைத் திடலின் புல்தரையிலும் டாப்பை மேடை ஓரத்திலும் வைத்தோம். முதல் திருவிழாவிலேயே டாப்பில் உயர்ந்த ஒலியைத் தரும் ஹார்ன் டிரைவர் இரண்டு கருகிவிட்டன. ஒலி எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரின் விளக்கு எரியவே இல்லை. அது மட்டுமல்ல, சப் பக்கத்தில் நின்றால் நெஞ்சு அதிர்கிறது; பந்தலுக்குள் போனால் பேஸ் காணோம். பெட்டி ஒன்றாக இருந்தும் ஏன் இப்படி? கோவிலுக்கு, டேவானுக்கு (மண்டபத்துக்கு), திடலுக்கு என்று தனித்தனிப் பிரீசெட் வைத்துக்கொள்ளலாமா? பிரீசெட்டையும் ஆம்பின் பின்பக்கப் படத்தையும் இணைத்திருக்கிறேன்.
– வாசகர், பாடாங் செராய், மலேசியா

பதில்: தம்பி, பெட்டி ஒன்றுதான், ஆம்ப் வேறு. உங்கள் படத்தில் ஆம்பின் கெயின் (எத்தனை மடங்கு பெருக்கும் என்பதன் அளவு) ஸ்விட்ச் 32 டிபியில் (டெசிபலில்) இருக்கிறது. நண்பரின் பிரீசெட்டில் ஹார்ன் லிமிட்டர் +3 டிபியூ (வோல்ட்டை டெசிபலில் சொல்லும் அளவு). 60 வாட், 8 ஓம் ஹார்னுக்கு அந்த எண் 26 டிபி ஆம்பில்தான் சரியாக வரும்.

கணக்கைப் பாருங்கள். +3 டிபியூ என்றால் ஏறக்குறைய 1.1 வோல்ட். 26 டிபி ஆம்ப் அதை 20 மடங்காக்கி 22 வோல்ட் தரும். 8 ஓமில் அது 60 வாட். உங்கள் ஆம்ப் 40 மடங்காக்குகிறது, 44 வோல்ட். வோல்ட் இரட்டித்தால் வாட் நான்கு மடங்கு, அதாவது 240 வாட். லிமிட்டர் விளக்கு எரியவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி எரியும்? அது காவல் காக்க வேண்டிய எல்லையே தப்பான இடத்தில் இருந்தது.

உங்கள் ஹார்னுக்கு வேண்டியது −3 டிபியூ. சப்புக்கும் இதே வழிதான்: பெட்டியின் தொடர் வாட்டை (இடைவிடாமல் தாங்கும் வாட்டை) ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், அதை ஆம்பின் பெருக்கத்தால் வகுங்கள், வந்த வோல்ட்டை டிபியூவாக மாற்றுங்கள் (0.775 வோல்ட்தான் 0 டிபியூ). ஒன்றை மட்டும் கவனியுங்கள். பெட்டியின் பின்னால் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பீக் வாட், அதாவது கணநேரம் மட்டும் தாங்கும் உச்சம். ‘புரோகிராம்’ வாட்டும் வழக்கமாகத் தொடர் வாட்டைப் போல இரண்டு மடங்கு. இந்தக் கணக்குக்கு இரண்டும் வேண்டாம். ஆம்பின் முன்பக்கக் குமிழ்களை முழுதாகத் திறந்து மேலே டேப் ஒட்டிவிடுங்கள். பாதியில் வைத்துக் கணக்குப் போட்டால், நள்ளிரவில் யாராவது திருகிவிடும்போது அந்தக் கணக்கு போயிற்று.

இனி பேஸ். சப்பைத் திடலின் புல்தரையிலும் டாப்பை மேடை ஓரத்திலும் வைத்ததாகச் சொல்கிறீர்கள். சப் ஒன்றே முக்கால் மீட்டர் முன்னால் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும், ஆக சப்பின் ஒலி 5 மில்லிவினாடி முன்னால் வந்து சேர்கிறது. உங்கள் பிரீசெட்டில் கிராஸ்ஓவர், அதாவது சப்பும் டாப்பும் ஒலியைப் பிரித்துக்கொள்ளும் இடம், 100 ஹெர்ட்ஸ். அங்கே ஓர் அலைக்கு 10 மில்லிவினாடி. சரியாகப் பாதி அலை தள்ளிப் போகிறது, ஒன்று தள்ள மற்றது இழுக்கிறது. பந்தலுக்குள் பேஸ் காணாமல் போவது அதனால்தான். சப் பக்கத்தில் நிற்பவருக்கு டாப்பின் ஒலி குறைவு, அவருக்கு இது தெரியாது.

சரிசெய்யும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. பந்தலின் நடுவில் நில்லுங்கள். 100 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுரத்தை மெதுவாக ஓட்டி, சப் மட்டும், டாப் மட்டும் என்று கேட்டு இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் சப்பின் போலாரிட்டியை (தள்ளும், இழுக்கும் திசையை) ப்ராசஸரில் தலைகீழாக்கி, 5 மில்லிவினாடியை ஒட்டி சப்பின் டிலேயை (தாமதத்தை) கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஓரிடத்தில் சத்தம் சட்டென்று அடங்கும். அங்கே நிறுத்திப் போலாரிட்டியைப் பழையபடி திருப்பினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். பிறகு உறுமிக்காரரை வாசிக்கச் சொல்லுங்கள். வளைந்த குச்சியால் தேய்க்கும்போது அந்த உறுமல் மேலும் கீழும் வழுக்கிப் போகுமல்லவா? வழியில் எங்கேயும் மெலியாமல் வந்தால் வேலை முடிந்தது. எந்தக் கருவியைவிடவும் நான் இந்தச் சோதனையை நம்புகிறேன்.

கிராஸ்ஓவரை லிங்க்விட்ஸ்-ரைலி 24 டிபி என்ற வடிகட்டி வகையிலேயே விடுங்கள். சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் 1976-இல் எழுதி வெளியிட்ட முறை அது. பிரியும் இடத்தில் இரு பக்கமும் 6 டிபி இறங்கி நிற்பதால், சேரும்போது மேடோ பள்ளமோ வராது. பட்டர்வொர்த் 24 என்ற இன்னொரு வகையைப் போட்டால் அதே இடத்தில் 3 டிபி வீங்கும். சப்புக்குக் கீழே ஹை-பாஸ் (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் வடிகட்டி) இல்லாததையும் பார்த்தேன். உங்களுடையது துளை வைத்த பெட்டி. அது ட்யூன் செய்யப்பட்ட அளவுக்குக் கீழே போனால் கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று இருக்காது. 40 ஹெர்ட்ஸ் பெட்டி என்றால் 35க்கும் 40க்கும் இடையில் வெட்டுங்கள்.

தனித்தனிப் பிரீசெட்? வேண்டாம் தம்பி. கிராஸ்ஓவர், லிமிட்டர், டிரைவருக்கான ஈக்யூ (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் அமைப்பு) எல்லாம் பெட்டியும் ஆம்பும் சேர்ந்த ஜோடிக்கு உரியவை. ஒரே பிரீசெட், ஒரே பூட்டு, கடவுச்சொல் மாமாவிடம். சப் வைக்கும் இடம் மாறினால் அந்த டிலே ஒன்றை மட்டும் மறுபடி பாருங்கள். கோவில் மண்டபத்தின் தகரக் கூரையில் நாதஸ்வரம் காதைக் கிழித்தால் மிக்ஸரின் ஈக்யூவில் குறையுங்கள். மூன்று பிரீசெட் இருந்தால், மழை வருமுன் லோரியிலிருந்து இறக்கிக் கட்டும் அவசரத்தில் தப்பானதை யாராவது ஏற்றிவிடுவார்கள். ஆம்பை மாற்றும் நாளில் மட்டும் லிமிட்டர் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

கேள்வி: பின்வரிசைக்காக 30 மீட்டர் தள்ளி இரண்டு பெட்டி வைத்தோம். பேச்சு இரட்டையாகக் கேட்கிறது.
– வாசகி, கூலிம்

பதில்: மேடை ஒலி 30 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 86 மில்லிவினாடி ஆகும். பின்பெட்டிக்கு அந்த டிலேயைக் கொடுத்து, மேலே 10 முதல் 15 மில்லிவினாடி சேருங்கள். முதலில் வந்த ஒலியின் திசையைத்தான் காது பிடித்துக்கொள்ளும். கேட்பவருக்குப் பேச்சு மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும். பின்பெட்டியில் சப் வேண்டாம், 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.