டிஸ்க் பிதுங்கிய முதுகுக்கு உடற்பயிற்சி ஆகுமா?

கேள்வி: எனக்கு வயது 46. உட்கார்ந்தே செய்யும் வேலை. எட்டு மாதங்களாகக் கீழ்முதுகில் வலி. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் தட்டு) சற்றுப் பிதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். உடற்பயிற்சி தொடங்கிய பத்தாம் நாள் வலி கூடியதால் நிறுத்திவிட்டு, இடுப்பு பெல்ட் அணிந்து ஓய்வில் இருக்கிறேன். மீண்டும் தொடங்கலாமா?

மருத்துவர் பதில்: தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். ஆனால் விட்ட இடத்திலிருந்து அல்ல, அதற்கும் குறைந்த அளவிலிருந்து.

அதற்கு முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் வலுவிழப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு, அண்மையில் விழுந்து அடிபட்டது ஆகியவையும் உடற்பயிற்சிக்கு முன்பே ஆராயப்பட வேண்டியவை.

இவை எதுவும் இல்லையென்றால், ஸ்கேன் அறிக்கையைக் கண்டு அஞ்ச வேண்டாம். முதுகுவலியே இல்லாத நாற்பது வயதினரை ஸ்கேன் செய்து பார்த்தாலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரிகிறது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியில், திசுக்களில் இருக்கும் பாதிப்பின் அளவுக்கும் உணரப்படும் வலியின் அளவுக்கும் நேரடித் தொடர்பு பெரும்பாலும் இருப்பதில்லை. நரம்பு மண்டலமே கூர்மையாகிச் சிறிய அசைவையும் ஆபத்தாக அறிவிக்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே, பத்தாம் நாள் கூடிய வலியைக் கொண்டு உங்கள் டிஸ்க் மேலும் கெட்டுவிட்டது என்று முடிவு செய்வதற்கில்லை. பழக்கமில்லாத தசைகளுக்கு ஒரேயடியாக அதிக வேலை கொடுத்திருப்பீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான் பார்த்தவரை பலர் தவறுவது பயிற்சியின் வகையில் அல்ல, அளவில்தான். வலி குறைந்த நாளில் உற்சாகத்தோடு இரு மடங்கு செய்வார்கள். மறுநாள் வலி கூடியதும் ஒரு வாரம் படுத்துவிடுவார்கள். அன்றைய அளவை வலி தீர்மானிக்கக் கூடாது, முன்பே வகுத்த திட்டம்தான் தீர்மானிக்க வேண்டும். மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் பயிற்சியைப் பத்து முறை செய்ததும் வலி வருகிறதென்றால் ஆறு முறையில் தொடங்குங்கள். நல்ல நாளிலும் ஆறுதான், சிரமமான நாளிலும் ஆறுதான். ஒரு வாரம் சீராகச் சென்ற பின் ஒன்றிரண்டு கூட்டலாம். நடைப்பயிற்சியையும் இப்படியே பத்து நிமிடத்தில் தொடங்கி நீட்டிக்கலாம். பயிற்சியின்போது பொறுத்துக்கொள்ளக்கூடிய வலி வந்து, மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் அது சரியான அளவு. திரும்பாவிட்டால் ஒரு படி குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

எந்தப் பயிற்சி என்பதைவிட, விடாமல் செய்யக்கூடியது எது என்பதே முக்கியம். முடிந்தால் முதல் சில வாரங்கள் இயன்முறை மருத்துவரின் நேரடிப் பார்வையில் செய்யுங்கள்.

பெல்ட்டைப் படிப்படியாகக் கழற்றிவிடுங்கள். நாள்பட்ட முதுகுவலிக்கு அதை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அதே வழிகாட்டுதல் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. வலி முழுவதும் மறையும் என்று நான் உறுதி கூற மாட்டேன். எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் தொடர்ந்த பின், எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பதை இன்றைய நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால் மருத்துவரிடம் மீண்டும் காட்டித் திட்டத்தை மாற்றியமைத்துக்கொள்ளுங்கள்.