நெருக்கமான காட்சிகளில் மட்டும் மங்கல் திட்டு: டிஸ்க் கோளாறா?

டிஸ்க்கும் பழுதில்லை, பிளேயரும் பழுதில்லை. ஜப்பானிய இயக்குநர் நகிசா ஓஷிமாவின் பாலுறவுக் காட்சிகள் நிறைந்த ‘ஐ நோ கொரீடா’ (1976) படத்தின் டிவிடியில் நீங்கள் பார்க்கும் அந்த மங்கல் திட்டு தணிக்கையின் வேலை. கீறல் விழுந்த டிஸ்க் ஆளையும் இடத்தையும் பார்த்து மங்காது. படம் உறைந்து நிற்கும், இல்லையென்றால் கட்டம் கட்டமாகச் சிதறும்.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ஜப்பானியப் பதிப்பு. அங்கே ஆபாசத்துக்கு எதிரான குற்றவியல் சட்டப் பிரிவு 175 இன்றும் உண்டு. அதனால்தான் ஜப்பானில் எடுத்த பிலிமைக் கழுவாமலேயே பிரான்சுக்கு அனுப்பினார்கள். கடைசியில் வழக்குப் பாய்ந்தது திரைக்கதைப் புத்தகத்தின் மேல், அது தனிக் கூத்து!

உறையைப் பாருங்கள். டிஸ்க் உலகின் எந்தப் பகுதிக்கானது என்று சொல்லும் மண்டல எண் 2 என்றிருந்தால் மட்டும் போதாது. ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் அதே எண்தான். கூடவே டிவி ஒளிபரப்பு முறையின் பெயராக என்.டி.எஸ்.சி. (NTSC) என்றிருந்தால் அநேகமாக ஜப்பான், பி.ஏ.எல். (PAL) என்றிருந்தால் ஐரோப்பா.

ஐரோப்பியப் பதிப்பாக மாற்றி வாங்கும்போது ஒன்று: பி.ஏ.எல். டிஸ்க் சுமார் 4 சதவீதம் வேகமாக ஓடும். ஓடும் நேரம் நாலு நிமிடம் குறைகிறதே என்று, வெட்டிய பதிப்பாக நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.