ஆப்பிரிக்க மானுடவியலில் பிஎச்.டி.: ஒரு தந்தைக்குப் பதில்

உங்கள் மகள் ஆப்பிரிக்க மானுடவியலில், அதிலும் அங்கே மோதல்களை எப்படித் தீர்க்கிறார்கள் என்பது பற்றி, பிஎச்.டி. செய்ய நினைக்கிறாள். "இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும், ஆனால் தாமதமாக. எம்.ஏ., பிஎச்.டி., அப்புறம் ஓரிரு தற்காலிக ஆய்வுப் பணிகள் என்று நிரந்தர வேலைக்கு வரவே பத்து வருடம் ஆகலாம். இடையில் கல்யாணப் பேச்சு வரும். அதை உங்கள் வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

மோதல் தீர்வு என்றதும் மகள் துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே நிற்பாள் என்று பயப்படாதீர்கள். சோமாலியாவிலிருந்து பிரிந்து தனி அரசு நடத்தும் சோமாலிலாந்தைப் பாருங்கள். 1993-ல் போரமா என்ற ஊரில் குலப் பெரியவர்கள் மாதக்கணக்கில் கூடிப் பேசித்தான் அங்கே சிவில் அரசு வந்தது. சோமாலியரின் வழக்காற்றுச் சட்டத்தில் ஓர் ஆண் கொல்லப்பட்டால் ஈடு 100 ஒட்டகம் என்பது மரபு. கொன்றவன் தனியாகக் கொடுப்பதில்லை, பங்காளிகள் எல்லாரும் பங்கு போடுகிறார்கள். யார் யாரோடு சேர்ந்து பங்கு போடுகிறார்கள் என்று தெரிந்தால் அங்கத்திய அரசியல் பாதி புரிந்துவிடும். அதைப் போய்க் கேட்டு எழுதுவதுதான் இந்தப் படிப்பு.

மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு இதை ஓரளவுக்குத்தான் செய்ய முடியும். அதனால் மதிப்பெண்ணைவிட மொழியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சோமாலி 1972 முதல் லத்தீன் எழுத்தில் இருப்பதால் படிக்கத் தொடங்குவது எளிது. கிழக்கு ஆப்பிரிக்கா என்றால் சுவாஹிலி. எந்தப் பகுதி என்றே இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் விண்ணப்பத்தை ஒரு வருடம் தள்ளிப் போடலாம், நஷ்டமில்லை.

எம்.ஏ.வுக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் (ஜேஎன்யூ) டெல்லி பல்கலைக்கழகத்திலும் ஆப்பிரிக்க ஆய்வுகள் உண்டு. பிஎச்.டி.க்கு உகாண்டாவின் மகேரேரே பல்கலைக்கழகத்தை நம்மவர்கள் யோசிப்பதே இல்லை. ஆப்பிரிக்காவை ஆப்பிரிக்காவிலிருந்தே படிக்க அது நல்ல இடம். ஸ்வீடனின் உப்சாலாவில் அமைதி-மோதல் ஆய்வுக்கென்றே தனித் துறை இருக்கிறது. அந்த நாட்டில் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் சம்பள வேலை.

உதவித்தொகையோ சம்பளமோ இல்லாத பிஎச்.டி. இடம் கிடைத்தால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டை அடகு வைத்துப் படிக்கிற படிப்பு இல்லை இது. பேராசிரியர் வேலை அமையாவிட்டால் ஐ.நா., தொண்டு நிறுவனங்கள் என்று வழி இருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025-ல் மூடப்பட்ட பிறகு அந்தப் பக்கமும் நெருக்கடிதான்.

மகள் யாரிடம் ஆய்வு செய்ய நினைக்கிறாளோ, அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசச் சொல்லுங்கள். களப்பணிக்குப் பணம் யார் தந்தார்கள், அனுமதி வாங்க எத்தனை மாதம் ஆனது, உள்ளூரில் யார் வீட்டில் தங்கினார்கள் என்று கேட்கட்டும்.