எரிசக்தி பற்றிப் படிக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: "எரிசக்தி அமைப்புகளைச் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல், நீடித்து நிலைக்கும்படி மாற்றுவது குறித்து மேற்படிப்பு படிக்க விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?"

மின்சாரம் எந்த நேரத்தில், யாருக்குத் தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். உற்பத்தியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆற்றல் பொறியியலில் முதுகலை படித்தவன், மண்டபம் பக்கத்துக்காரன் என்ற உரிமையில் இதை அழுத்தியே சொல்கிறேன்.

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதியில், 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. இரவையும் மேகத்தையும் கழித்துவிட்டால், இத்தகைய நிலையங்கள் ஆண்டுச் சராசரியில் முழுத் திறனில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மின்சாரம் தரும். அந்தக் கணக்கில் நாளொன்றுக்குச் சுமார் 30 லட்சம் யூனிட். நல்ல விளைச்சல்தான். ஆனால் பெரும்பகுதி நண்பகலை ஒட்டியே வந்துவிடும். விளக்கும் விசிறியும் ஓடுகிற இரவு ஏழு மணிக்கு ஒன்றும் இராது. ஆனைமலையில் தண்ணீரை மேலேற்றி வைத்து, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் காடம்பாறை போன்ற நிலையங்களின் அருமை அப்போதுதான் புரியும். அதன் திறன் 400 மெகாவாட்.

சேமிப்பு என்றதும் எல்லோரும் பேட்டரியை நினைக்கிறார்கள். எங்கள் கடற்கரையில் ஐஸ் கம்பெனிக்குள் போய்ப் பாருங்கள். பெரிய தொட்டி நிறைய உப்புநீர். அதற்குள் நல்ல தண்ணீர் ஊற்றிய தகர அச்சுகள் வரிசையாக நிற்கும். அம்மோனியா கம்பிரசர் உப்புநீரைப் பூஜ்யத்துக்குக் கீழே குளிர்விக்க, அச்சுகளில் தண்ணீர் மெல்ல உறைந்து கட்டியாகும். ஒரு டன் ஐஸுக்கு 50 யூனிட்டாவது செலவாகும். கம்பிரசரைச் சற்று நிறுத்தினாலும் தொட்டியின் குளிர்ச்சி உடனே போய்விடாது. அதாவது, கம்பிரசரை வெயில் நேரத்தில் முடுக்கிவிட்டு, மின்தேவை மிக அதிகமாக இருக்கும் மாலை உச்ச நேரத்தில் ஓய்வு கொடுக்க இடமிருக்கிறது. மறுநாள் விசைப்படகில் ஏறும் ஐஸில் முந்தைய நாளின் வெயில் இருக்கும். லித்தியம் தேவையில்லை, இறக்குமதி தேவையில்லை. ஆய்வுத் தலைப்பு தேடுகிறவர்கள் இதை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு.

வெப்ப இயக்கவியலும் மின்தொகுப்புப் பாடமும் கட்டாயம் படியுங்கள். அதோடு நிலமும் கடலும் யாருடைய பிழைப்பு என்பதையும் படியுங்கள். உப்பூரில் 1,600 மெகாவாட் நிலக்கரி மின் நிலையத் திட்டத்தை மீனவர்களும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மன்னார் வளைகுடாவில் கடல் காற்றாலைகள் அமைக்கும் பேச்சு நடக்கும் இந்தக் காலத்தில், வலை விரிக்கிறவர்களைக் கேட்காமல் வரையும் எந்த வரைபடமும் முழுமையாகாது.

மின்கட்டண ஆணைகளைப் பெரும்பாலான மாணவர்கள் தொடுவதே இல்லை. நீங்கள் தொடுங்கள். ஆலைகள் போன்ற பெரிய நுகர்வோரின் உயர் அழுத்த இணைப்புகளுக்கு உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணம், இரவு 10 மணிக்கு மேல் சிறு சலுகை என்பது தமிழ்நாட்டில் நெடுங்கால நடைமுறை. நிலக்கரிக் காலத்தில் அது சரி. 2023இல் மத்திய அரசு திருத்திய மின் நுகர்வோர் விதிகளோ, சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் 20 சதவீதமாவது குறைய வேண்டும் என்கின்றன. அந்தக் குறைப்பு ஓர் ஐஸ் கம்பெனி முதலாளியை வேலை நேரத்தை மாற்ற வைக்குமா, ஆட்கூலியையும் படகு கிளம்பும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் பருவத்து ஆய்வுக்கு அதுவே போதும்.